பித்தம் தேங்கிய வாரங்கள்

ஓவியப் பள்ளியில் அவருக்குச் சிலையார் என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் படித்துவிட்டுப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மரமேடை மேல் போட்ட நாற்காலியில், இடுப்பில் ஒரு துண்டோடு, நாற்பத்தைந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் வேலை. பத்து நிமிடம் ஓய்வு, பிறகு மறுபடி நாற்பத்தைந்து. பாதம் இருந்த இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருப்பார்கள். ஓய்வு முடிந்து வந்து அந்தக் கோட்டுக்குள் காலை வைத்தால் போதும், முதுகும் கழுத்தும் கைகளும் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அவர் பாட்டுக்கு இருப்பார். ஈதான் அலுத்துப்போய்ப் பறந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு புதன்கிழமை உள்ளங்கை அரித்தது.

முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழங்கால்மேல் வைத்திருந்த கையை ஒரு நூல் அளவு தேய்த்தார். அது போதவில்லை. வெள்ளிக்கிழமை உள்ளங்காலும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமைக்குள் முதுகு, தொடை, காதுக்குப் பின்னால் என்று ஓர் இடம் பாக்கியில்லை. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சிவந்துகூடப் போகவில்லை. சொறியச் சொறிய அரிப்பு தோலில் இல்லை, அதற்கும் அடியில் எங்கோ இருக்கிறது என்று தோன்றியது. அங்கே நகம் எட்டவில்லை.

வீட்டில் மனைவி முதலில் சோப்பை மாற்றினாள். பிறகு படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தாள். மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் ஒரு பகல் முழுக்க வெயிலில் போட்டு, தையல் தையலாக மூட்டைப்பூச்சி தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு வாரமாக வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. அவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஈரத்துணியை முதுகில் போட்டுக்கொண்டால் கொஞ்சம் தேவலை, அது காய்ந்ததும் மறுபடி ஆரம்பம்.

வாரக்கணக்கில் வரையும் அந்தப் படத்தின் ஏழாவது வாரம், வகுப்பில் அந்த அவமானம் நடந்தது. மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், தன்னை மறந்து, நாற்காலியின் முதுகில் தன் முதுகை வைத்துக் கரகரவென்று தேய்த்துவிட்டார்.

"சார், சிலை அசையுது!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். வகுப்பே சிரித்தது.

"என்ன சிலையாரே, திடீர்னு உயிர் வந்துருச்சா?" என்றார் ஓவிய ஆசிரியர்.

சிலையாரும் சிரித்துவைத்தார். உள்ளுக்குள் கூனிக்குறுகிப் போனார். பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அந்த ஓய்வு நேரத்தில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் ஓரமாக நின்று கையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒரு வாக்குவாதம் கேட்டது. மாணவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர், பொழுது போகாமல் ஓவியம் கற்க வந்தவர். எல்லோருக்கும் அவர் எஞ்சின்காரர்தான். ஆசிரியர் அவர் படத்தின் முன்னால் நின்று தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

"தோல்ல இவ்வளவு மஞ்சளக் கொட்டியிருக்கீங்களே. ஏன் கூட்டுறீங்க?"

"நான் கூட்டல சார். அவர்தான் கூட்டுறார்."

"என்ன சொல்றீங்க?"

எஞ்சின்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வகுப்பிலும் தோல் நிறத்துக்கு எந்தெந்தச் சாயத்தில் எத்தனை சொட்டு கலந்தார் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். "பாருங்க. மொத வாரம் மஞ்சள் ஒண்ணு. அஞ்சாவது வாரம் ஒண்ணரை. இன்னிக்கு மூணு போட்டாத்தான் அவரு மாதிரி வருது. முப்பத்தோரு வருஷம் எஞ்சின் ஓட்டியிருக்கேன். வருஷா வருஷம் கண்ணு டெஸ்ட் பண்ணித்தான் வண்டில ஏத்துவாங்க. மத்தது எதுல வேணா தப்பு சொல்லுங்க, மஞ்சள்ல சொல்லாதீங்க."

ஆசிரியர் திரும்பிச் சிலையாரைப் பார்த்தார். வகுப்பும் பார்த்தது. எத்தனையோ வருடமாகப் பார்வைக்குப் பழகிய உடம்புதான், ஆனாலும் அந்த நிமிடம் அவருக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. எஞ்சின்காரர் அவர் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"கண்ணுல வெள்ளையே இல்லையேப்பா," என்றார் மெதுவாக. "இது படத்துக்கு நல்லாருக்கு. உடம்புக்கு நல்லா இல்ல. போய் டாக்டரப் பாரு."

சிலையாரின் மனைவிக்குக் குடிநீர் வாரியத்தில் புகார் மேசையில் வேலை. காலை முதல் மாலை வரை ஃபோனில் தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, குழாய் வெடித்துவிட்டது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். அன்று மாலை வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, புருஷனின் கண்ணைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எத்தன நாளா நடக்குது?"

"அரிப்பா? அது..."

"அரிப்பக் கேக்கல. ஆபீஸ்லயும் தண்ணி, வீட்லயும் தண்ணியா எனக்கு?"

எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் குடித்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டார். விட்ட நாளிலிருந்து அவர்கள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. இப்போது அவள் அதை எடுத்ததும் அவர் முதலில் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டார். "சத்தியமா இல்ல," என்றார். அந்தத் தாமதத்தை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கல்லீரல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு. குடிப்பீர்களா என்றார், எட்டு வருடமாக இல்லை என்றார் சிலையார். மனைவி கூரையைப் பார்த்தாள். இப்போது மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார், இல்லை என்றார். உண்மைதான், அப்போது அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா, மலம் வெளுத்துக் களிமண் மாதிரி இருக்கிறதா என்று கேட்டபோது அவருக்கு வியப்பாக இருந்தது. யாரிடமும் சொல்லாத விஷயம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பிக்கொண்டு டாக்டரம்மா சொன்னார்:

"காமாலைக் கிருமி எதுவும் இல்ல. பித்தப்பைல கல்லு இல்ல. பெரிய குழாய்ல அடைப்பு இல்ல."

"அப்போ அரிப்பு?" என்றார் சிலையார், கேட்கும்போதே மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு.

டாக்டரம்மா ஸ்கேன் உறையைத் திருப்பி, அதன் முதுகில் ஒரு கல்லீரலை வரைந்தார். ஓவியப் பள்ளிக்காரருக்கு அது கல்லீரலாகவே படவில்லை. "நாம வாயில போடுற எதுவும் கல்லீரலத் தாண்டித்தான் போகணும். சாப்பாடு, மருந்து, எதுவானாலும். பல மருந்த அது அப்படியே விடாது. ஒடைக்கும், வேற ஒண்ணோட ஒட்டும், கரையிற மாதிரி ஆக்கும். அப்புறம் கொஞ்சத்த ரத்தத்துல விட்டு மூத்திரம் வழியா அனுப்பும். கொஞ்சத்தப் பித்தத்துல கலந்துவிடும். பித்தம் முடி மாதிரி மெல்லிசான வாய்க்கால்கள்ல ஓடி, குழாய்ல சேர்ந்து, குடலுக்குப் போயி, மலத்தோட வெளியேறிடும். உங்களுக்கு அந்தச் சின்ன வாய்க்கால்லயே பித்தம் தேங்கிப் போச்சு. போக வழியில்லாம ரத்தத்துக்குத் திரும்புது. அதான் மஞ்சள், அதான் அரிப்பு. குடலுக்குப் போகாததால மலத்துல நிறமில்ல."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மெயின் லைன் சுத்தமா இருக்கு. உள்ள சந்து லைன்ல தண்ணி நகரல. அப்படித்தானே?"

"அப்படியேதான்!" டாக்டரம்மா சிரித்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"அப்படி நின்னா நாங்க மொதல்ல கேக்குறது, லைன்ல யாரு என்னத்தப் போட்டாங்கன்னுதான்."

"நானும் அதத்தான் கேக்கப் போறேன்." டாக்டரம்மா சிலையாரைப் பார்த்தார். "இப்பன்னு கேக்கல. போன ரெண்டு மூணு மாசத்துக்குள்ள ஏதாவது மாத்திரை? ஒண்ணே ஒண்ணுன்னாலும் சொல்லுங்க. சில மருந்து சாப்பிட்டு முடிச்சு பல வாரம் கழிச்சுக்கூட இப்படிப் பண்ணும்."

அப்போதுதான் சிலையாருக்குச் சுருக்கென்றது.

பல். இந்தப் படம் ஆரம்பித்த புதிதில் கடைவாய்ப் பல் வலி உயிரை எடுத்தது. பல் டாக்டரிடம் போனால் பிடுங்குவார், கன்னம் வீங்கும், ஒருபக்க முகம் மாறிவிடும், பதினாறு பேரின் படமும் கெடும். அதனால் மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சினனிடம் போனார். மனைவியின் தம்பி. டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றுதான் அவன் முதலில் சொன்னான். இவர்தான் கெஞ்சினார். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தான். வலி நிற்காமல் போகவே இன்னும் ஐந்து நாளைக்குக் கொடுத்தான். "அக்காவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சுருவா, அத்தான்," என்றான்.

அது வெறும் பேச்சில்லை. சீட்டில்லாமல் மருந்து விற்றதற்காக அவன் கடைக்கு ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கை வந்திருந்தது. மூன்றாவது வந்தால் கடை மூடவேண்டியதுதான் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். போன வருடம் இதே விஷயத்துக்காக அக்காவும் தம்பியும் தெருவே கேட்கும்படி சண்டை போட்டார்கள். அந்த அக்கா இப்போது பக்கத்து நாற்காலியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றார் சிலையார். "எதுவும் சாப்பிடல."

"சரி. அப்போ காரணம் தெரியணும்னா ஊசி போட்டு ஈரல்லருந்து துளி சதை எடுத்துப் பாக்கணும். வர்ற வியாழக்கிழமை காலைல வாங்க."

அந்த ஆறு நாளும் வீடு வீடாக இல்லை. மனைவி பீரோவுக்குப் பின்னால், குளியலறைப் பரணில், அரிசி டப்பாவுக்குள்கூடத் தேடினாள். அவர் வெளியே போய்வந்தால் பக்கத்தில் வந்து மூச்சை முகர்ந்தாள். தேடுவதை மறைக்கவும் இல்லை. ஓவியப் பள்ளிக்கு ஃபோன் போட்டு, அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று விசாரித்தாள். அவருக்கு அரிப்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவை வாயைத் திறந்தார். பத்துத் தடவையும் மச்சினனின் கடை ஷட்டர் கண்முன்னால் இறங்கியது. அதற்கு மேல் ஒரு ரோஷமும் இருந்தது. எட்டு வருடம் ஒரு சொட்டு தொடாமல் இருந்ததற்கு இதுதானா மரியாதை என்று நினைத்தார். நினைக்க நினைக்கச் சொல்லப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் தம்பியின் கடைக்குப் போய், கவுண்டரில் வைத்தே அழுதாள். "நான் கேட்டா எரிஞ்சு விழுறார். நீயாவது கேளு. மறுபடி குடிக்கிறாரான்னு கேளு. கண்ணெல்லாம் மஞ்சள், ராத்திரி பகலாச் சொறியிறார். நாளன்னிக்கு ஈரல்ல ஊசி போடப் போறாங்க."

மருந்து அடுக்கிக்கொண்டிருந்த மச்சினன் அப்படியே நின்றுவிட்டான். தான் விற்கும் மருந்தின் உள்தாளைப் படித்தவன் அவன். பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில், மிக அபூர்வமாகக் காமாலை வரலாம் என்று போட்டிருந்த அந்த வரி அவனுக்கு நினைவிருந்தது. மறுநாள் அக்கா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றான்.

"அத்தான், டாக்டர்கிட்ட அந்த மாத்திரை பத்திச் சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏன்?"

"உனக்காகத்தான். வேற யாருக்காக?"

மச்சினன் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி ஓடியது. ஒரு நொடிதான். உடனே அதை அடக்கிக்கொண்டான். ஆனால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தே பிழைத்த மனிதருக்கு அந்த ஒரு நொடி தப்பவில்லை.

"அதா இருக்காதுன்னு நெனக்கிறேன், அத்தான். எவ்வளவோ பேருக்குக் குடுக்குறேன்..."

"போ. கடைல ஆள் நிப்பாங்க."

அவன் போய்விட்டான். சிலையார் கூடத்தில் நடந்தார். சுவருக்குச் சுவர் ஒன்பது அடி. எத்தனை தடவை நடந்தார் என்று கணக்கில்லை.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் பகல்நேர வார்டில் அவரைப் படுக்கவைத்து, வலப்பக்க விலாவில் பேனாவால் ஒரு குறி போட்டார்கள். ஊசி போடும்போது மூச்சை அடக்கி, கொஞ்சமும் அசையாமல் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் இருந்திருப்பார். இப்போது பத்து விநாடி முடியுமா என்றே சந்தேகமாக இருந்தது. மனைவி கட்டிலருகே நின்று சம்மதப் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ரத்தக்கசிவு என்ற சொல்லைத் தாண்டி அவள் கண் நகரவில்லை.

டாக்டரம்மா கையுறையோடு வந்த நேரத்தில்தான் வாசலில் மச்சினன் தெரிந்தான். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது. கையில் ஒரு மாத்திரை அட்டைப்பெட்டி.

"டாக்டர், நிறுத்துங்க. இவருக்கு நான்தான் மாத்திரை குடுத்தேன். சீட்டு இல்லாம."

டாக்டரம்மா பெட்டியை வாங்கிப் பார்த்தார். "அமாக்ஸிசிலின், கிளாவுலனேட். எத்தன நாள்?"

"அஞ்சும் அஞ்சும் பத்து நாள்."

"முடிச்சு எத்தன நாள் கழிச்சு அரிப்பு?"

"மூணு வாரம் இருக்கும்," என்றார் சிலையார், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து. டாக்டரம்மா பெட்டியை மேசையில் வைத்தார்.

"நான் கேட்டப்போ இதச் சொல்லியிருக்கலாமே. இந்த மருந்து அனேகம் பேருக்கு ஒண்ணும் பண்ணாது. கல்லீரல் வேலைய முடிச்சு அனுப்பிடும். ரொம்பச் சில பேருக்கு உடம்பு இதோட மல்லுக்கு நிக்கும். ஏன் இவருக்கு, ஏன் அவருக்கில்லன்னு சரியாச் சொல்ல முடியாது." கையுறையைக் கழற்றினார். "ஊசி இப்போ வேணாம். வாரா வாரம் ரத்தம் பாப்போம். அளவு எறங்கிச்சுன்னா இதான் காரணம். எறங்கலன்னா மறுபடி யோசிப்போம். இந்த மருந்த இனி ஜென்மத்துக்கும் தொடக்கூடாது." மச்சினனிடம் திரும்பினார். "மருந்தால வந்த பாதிப்புன்னு நான் படிவம் அனுப்பணும். எங்க வாங்கினார்னும் எழுதணும்."

"எழுதுங்க," என்றான் அவன்.

டாக்டரம்மா போனதும் வார்டில் மூவரும் மட்டும் இருந்தார்கள். சிலையார் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தம்பியைத் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் தம்பி பக்கமே திரும்பவில்லை.

"ஈரல்ல ஊசி ஏத்திக்கத் துணிஞ்சீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் துணியல."

"நீ நம்பலையே. அரிசி டப்பாவுலயெல்லாம் தேடினியே."

"தேடினேன். நீங்க குடிக்கல, சரி. பொய் சொன்னீங்கல்ல? அந்த வாடைதான் எனக்கு அடிச்சிருக்கு."

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அவர் சட்டைப் பொத்தானைப் போட முயன்றார். விரல்கள் அரிப்பில் நிலைகொள்ளவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டு, தானே போட்டுவிட்டாள்.

அரிப்புக்கு ஒரு பவுடர் எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மணலைக் குடிப்பது போலிருக்கும். அது குடலில் பித்த உப்பைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் என்றார்கள். முதல் வாரம் அளவு இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியது. அந்த வாரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தார்கள். இரண்டாவது வாரம் நின்றது. மூன்றாவது வாரத்திலிருந்து இறங்கியது. ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து அவர் உற்சாகமாகக் கூப்பிட்டு, மலத்துக்கு நிறம் வந்துவிட்டது என்று அறிவித்தார். "தெருவுக்கே மைக் வெச்சுச் சொல்லுங்க," என்றாள் மனைவி. ஆனாலும் அன்று வேலைக்குப் போகும்போது அவள் நடை வேறு மாதிரி இருந்தது.

மச்சினன் கடையை ஒரு மாதம் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நிரந்தரமாக இல்லை. தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம் முழுக்க அக்கா அவனோடு பேசவில்லை. கடை திறந்த அன்று பவுடர் தீர்ந்துபோயிருந்தது. அவள் ஃபோனை எடுத்தாள். "அந்தப் பவுடர் ரெண்டு பாக்கெட் வேணும். சீட்டு இருக்கு." அவன் தானே எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்று சீட்டை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் பாக்கெட்டைக் கொடுத்தான். அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மூன்றாவது மாதக் கடைசியில் ரத்தம் சுத்தமாக வந்தது. சிலையார் மறுபடி மேடைக்குப் போனார். அரிப்பு இல்லை. ஆனால் இருபது நிமிடம் ஆனதும் அது எங்கிருந்து வரப்போகிறது என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை சும்மாவே கூசியது. கால் நகரத் துடித்தது. டாக்டரம்மாவிடம் கேட்டார். உடம்பில் ஒன்றும் இல்லை, போகப்போகச் சரியாகும் என்றார். ஆசிரியர் அவருக்காக உட்காரும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். அதுவும் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பாதி நேரமும் முடியவில்லை என்பதை மனைவியிடம் மட்டும் சொன்னார். இந்தத் தடவை ஒளிக்காமல், அன்றைக்கே சொன்னார்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். "உக்காந்தேதான் இருக்கணும்னு யாராவது வேண்டுதல் வெச்சிருக்காங்களா? எங்க வாரியத்துல வீடு வீடாப் போய் மீட்டர் பாக்க ஆள் தேடுறாங்க. வாரத்துல ரெண்டு நாள். நாள் பூரா நடக்கலாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஒரு டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. சந்துக்குள் குனிந்து, மூடியைத் தூக்கி, எண்ணைப் படித்து, எழுதி, நிமிர்ந்து, அடுத்த வாசலுக்கு நடந்தார். மத்தியானத்துக்குள் கால் வலித்தது. மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, நாளை மறுநாள் எந்தத் தெரு என்று மனைவியிடம் கேட்டார்.